ஒரே சேற்றில் பசியாறுவோர்: கரைப்பறவைகளும் கடலோர மக்களும்

கடல் வற்றியதும் வெளிப்படும் சேற்றுவெளியைப் பார்த்து, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் அதிகம். மரம் இல்லை, புல் இல்லை, காலை வைத்தால் முழங்கால் வரை புதைகிறது. துறைமுகமோ தொழிற்பேட்டையோ கட்ட இடம் தேடுகிறவர்களின் வரைபடத்தில் அது காலியிடம். ஆனால் அந்தச் சேற்றை ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அள்ளிச் சலித்தால் புழு, மட்டி, நத்தை, பொடி நண்டு என ஆயிரக்கணக்கில் உயிர்கள் கிடைக்கும். அவற்றை நம்பி இரண்டு தரப்பினர் வருகிறார்கள். ஒரு தரப்பு ஆர்க்டிக் சமவெளியிலிருந்து பறந்து வரும் பறவைகள். இன்னொரு தரப்பு பக்கத்து ஊரிலிருந்து கூடையோடும் வலையோடும் நடந்து வரும் மனிதர்கள்.

பறவைகளைக் காப்பது என்றதும் நம் மனதில் முதலில் வருவது வேலி. உள்ளே பறவை, வெளியே மனிதர். கடற்கரைச் சேற்றில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் பலிப்பதில்லை. பலிக்கத் தேவையும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று புரிய, முதலில் இந்தப் பறவைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்தக் கரைப்பறவைகள்?

உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த அலகுள்ள நீரோரப் பறவை), மூக்கன், கல்திருப்பி ஆகியவற்றைச் சேர்த்துக் கரைப்பறவைகள் என்கிறோம். நீரோரத்தில் வாழ்பவைதான் என்றாலும் வாத்து, கொக்கு, நாரை எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. கரைப்பறவைகளில் பெரும்பாலானவை உருவில் சிறியவை, பழுப்பும் சாம்பலுமாகச் சேற்றின் நிறத்திலேயே இருப்பவை. கூட்டமாக நூறு பறவைகள் நின்றாலும் பழகாத கண்ணுக்குத் தெரியாது.

அவற்றின் அலகைப் பார்த்தாலே எது எதைத் தின்னும் என்று சொல்லிவிடலாம். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். உள்ளான்கள் அலகைச் சேற்றுக்குள் நுழைத்து, தொட்டுணர்ந்தே இரை பிடிக்கும். கோட்டானின் நீண்டு வளைந்த அலகு நண்டு வளைக்குள் அப்படியே இறங்கும். ரெட் நாட் என்ற உள்ளான் வகைக்கு இன்னும் நுட்பமான திறமை உண்டு. ஈர மணலில் அலகை அழுத்தும்போது மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நீரில் உண்டாகும் அழுத்த வேறுபாட்டை அலகின் நுனி உணர்ந்துவிடும். உள்ளே மட்டி இருக்கிறதா என்று, மட்டியைத் தொடாமலேயே அதற்குத் தெரியும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள்.

இவை செய்யும் வலசையோ நம்ப முடியாத அளவு நீளமானது. 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அது பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வாத்தைப்போல இதற்குச் சவ்வுக்கால் கிடையாது. களைத்தால் கடலில் இறங்கி இளைப்பாற முடியாது. புறப்படும் முன்பே உடல் எடையில் பாதியளவு கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. பறக்கும்போது வேலையில்லாத குடலும் இரைப்பையும் சுருங்கிவிடுகின்றன. இலக்கை அடைந்த பிறகு அவை மறுபடி வளர்ந்தால்தான் சாப்பிடவே முடியும்.

எல்லா இனங்களும் ஒரே மூச்சில் இவ்வளவு தூரம் பறப்பதில்லை. பல இனங்கள் வழியில் ஓரிரு இடங்களில் இறங்கித் தின்று கொழுத்து மீண்டும் கிளம்பும். எங்கு வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது. தேவையான இரை தேவையான வாரத்தில் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று அழிந்தால், கூடு கட்டும் ஆர்க்டிக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் தென்கரையும் பத்திரமாக இருந்தும் பயனில்லை. பாதையின் நடுவில் பட்டினி கிடந்த பறவை கூடு கட்டப் போய்ச் சேராது, சேர்ந்தாலும் முட்டையிட உடலில் தெம்பு இருக்காது.

பறவைகள் பெருந்திரளாகச் செல்லும் இந்த வழிகளை வலசைப் பாதைகள் என்கிறார்கள். கிழக்கு ஆசிய–ஆஸ்திரலேசியப் பாதை 22 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை இறங்கும் மத்திய ஆசியப் பாதை 30 நாடுகளைக் கடக்கிறது. கோடியக்கரையும் மன்னார் வளைகுடாவும் அதில்தான் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஐரோப்பா–ஆப்பிரிக்காவுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு.

நிலைமை நன்றாக இல்லை. மெல்லிய அலகுக் கோட்டான் என்ற இனம் கடைசியாக உறுதியாகப் பார்க்கப்பட்டது 1995இல், மொராக்கோவின் ஒரு காயலில். 2025இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 அக்டோபரில், 16 வலசைக் கரைப்பறவை இனங்களைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முன்பைவிட ஆபத்தான நிலைக்கு மாற்றியது. ஒரு தலைமுறைக்கு முன் கடற்கரையில் சாதாரணமாகத் தென்பட்ட இனங்களும் அவற்றில் இருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

ஓதம் வைக்கும் கணக்கு

கரைப்பறவையின் நாள் சூரியனைப் பார்த்து நடப்பதில்லை, ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதைப் பார்த்து நடக்கிறது. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். அந்த நேரமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும்போது சேறு வெளிப்படுகிறது, பறவைகள் இறங்கி மேய்கின்றன. நள்ளிரவில் வற்றினாலும் மேயும். ஏறும்போது சேறு மூழ்கிவிடும். சில சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் சிறிய உள்ளானின் காலுக்கு எட்டாது. அப்போது அவை நீருக்கு மேலே வறண்ட ஓரிடத்தில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும், அலகை முதுகில் செருகித் தூங்கும், இறகு கோதும். மணல்திட்டு, உப்பளப் பாத்தி வரப்பு, தண்ணீர் வடித்த இறால் பண்ணைக் குட்டை என்று திறந்தவெளியாக இருந்தால் போதும். வேட்டையாடும் வல்லூறு தொலைவிலேயே கண்ணில் பட வேண்டும் என்பதால் மரமும் புதரும் உள்ள இடத்தை அவை விரும்பாது.

ஆக, பறவைக்கு இரண்டு இடம் வேண்டும்: மேயச் சேறு, ஒதுங்கத் திட்டு. இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கரைப்பறவைப் பாதுகாப்பில் பாதி விளங்கிவிடும்.

மட்டி பொறுக்குபவர்களும் சிறு வலை கட்டுபவர்களும் இதே ஓதத்தைத்தான் பார்த்துக் கிளம்புகிறார்கள். உலகின் பல கரைகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள். படகு வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். வற்றும் சில மணி நேரத்தில் அன்றைய சோற்றுக்கோ சந்தைக்கோ ஒரு கூடை நிறையும். பறவை நிற்கும் அதே சேற்றில்தான் அவர்களும் குனிந்து நிற்கிறார்கள்.

இருவருக்கும் போட்டி இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் கேட்டவுடன் தோன்றும் அளவுக்கு இல்லை. ரெட் நாட் போன்றவை ஓட்டோடு முழுதாக விழுங்கக்கூடிய சின்ன மட்டியைத் தேடும். மனிதருக்கு வேண்டியது கைக்கு அடங்கும் பெரிய மட்டி. ஒருவர் நடந்து வந்தால் பறவை எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கும். பரந்த சேற்றில் அதற்கு இடம் இருக்கிறது. தொல்லை பெரிதாவது ஒதுங்கும் திட்டில்தான். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஒரு நாய் துரத்தினாலோ ஒரு வண்டி மணலில் ஓடினாலோ, ஆயிரம் பறவைகள் ஒன்றாக எழ வேண்டியிருக்கும், போய் இறங்க வேறு இடம் இருக்காது. ஒவ்வொரு முறை எழும்போதும் வலசைக்காகச் சேர்த்த கொழுப்பு கரைகிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் "சேற்றில் யாரும் இறங்கக் கூடாது" என்பதைவிட, "உயர் ஓதத்தின்போது திட்டுக்கு அருகில் போகாதீர்கள்" என்பதையே முதலில் சொல்கிறார்கள். முன்னது ஊராரின் பிழைப்பைப் பறிக்கும். பின்னது கிட்டத்தட்ட யாருக்கும் நட்டமில்லை.

சேற்றை விழுங்கும் சுவர்

கரைப்பறவைகளின் வீழ்ச்சிக்கு மிகப் பெரிய காரணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கூடையோடு நடக்கும் மனிதரைச் சொல்ல மாட்டேன். சுவரைச் சொல்வேன்.

சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல், கிழக்கு ஆசியப் பாதையின் முக்கிய இளைப்பாறும் இடம். அங்கே சுமார் 50 ஆண்டுகளில் ஓதச் சேற்றுவெளியில் மூன்றில் இரண்டு பங்கு வரை மறைந்துவிட்டதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கடலுக்குள் சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டி நிலமாக்கினார்கள். அணைகள் ஆற்று வண்டலைத் தடுத்ததும் சேர்ந்துகொண்டது. புதிய வண்டல் வராவிட்டால் இருக்கும் சேறும் அரித்துப் போகும்.

தென் கொரியாவின் சேமாங்கும் என்ற கழிமுகப் பகுதி இதற்கு மிகத் துயரமான எடுத்துக்காட்டு. 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006 ஏப்ரலில் மூடப்பட்டது. சுவருக்குள் ஓதம் நின்றது, மட்டிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கிரேட் நாட் என்ற உள்ளான் அங்கே பெருந்திரளாக இறங்கும் இனம். அடுத்த இரண்டு ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 90,000 கிரேட் நாட்கள் அங்கிருந்து மறைந்திருந்தன. அவை பக்கத்துக் கழிமுகங்களுக்கு இடம் மாறியிருந்தால் அங்கே எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை. 2015இல் இந்த இனம் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அந்தச் சுவரை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களில் மட்டி பொறுக்கும் பெண்களும் மீனவர்களும் இருந்தார்கள். 2003இல் பௌத்தத் துறவி ஒருவரும் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் உட்பட சமயத் தலைவர்கள் நால்வர், மூன்றடி நடந்து ஒரு முறை தரையில் விழுந்து வணங்கி, மீண்டும் மூன்றடி என்று சேமாங்குமிலிருந்து சியோல் வரை சுமார் 300 கிலோமீட்டரை 65 நாளில் கடந்தார்கள். அப்படியும் சுவர் கட்டுவது நிற்கவில்லை. பறவைகள் போன அதே ஆண்டுகளில் அந்த ஊர்களின் மட்டித் தொழிலும் போயிற்று. பறவையா மனிதரா என்று அங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இருவருமே சேர்ந்து இழந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இதற்கு வடக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் சோச்சோன் மாவட்டம் வேறு வழியில் போனது. அங்கும் சேற்றுவெளியை நிரப்பித் தொழிற்பேட்டை கட்டும் திட்டம் பல ஆண்டு இருந்தது. 2007இல் அரசு அதைக் கைவிட்டு, ஈடாகத் தேசியச் சூழலியல் நிறுவனம், கடல் உயிரியல் நிறுவனம் ஆகியவற்றை அந்த மாவட்டத்துக்குக் கொடுத்தது. 2021இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த கொரியச் சேற்றுவெளிகளில் சோச்சோனும் ஒன்று. அந்தச் சேற்றில் மட்டி எடுப்பது நின்றுவிடவில்லை. எந்தப் பகுதியில் எப்போது எடுக்கலாம் என்பதை அந்தந்த ஊரின் மீனவர் கூட்டமைப்புகள் பார்த்துக்கொள்கின்றன. வேலை வாய்ப்புக்காகச் சேற்றைக் கேட்ட ஊருக்கு, சேற்றைத் தொடாமலே வேலை வாய்ப்பைக் கொடுத்த ஏற்பாடு அது.

சீனாவும் 2018இல் வணிக நோக்கத்துக்காகக் கடலை நிரப்புவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2019இலும் 2024இலும் அதன் மஞ்சள் கடல் கரையின் பகுதிகள் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தன. தாமதம்தான், ஆனாலும் பெரிய திருப்பம்.

கையும் இயந்திரமும்

எல்லா மீன்பிடிப்பும் ஒன்றல்ல என்பதற்கு நெதர்லாந்து பாடம் சொல்கிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றும் பகிர்ந்துகொள்ளும் வாடன் கடல், ஐரோப்பியப் பாதையின் இதயம். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பறவைகள் அதை நம்பியிருக்கின்றன. நெதர்லாந்துப் பகுதியில் மட்டி எடுக்கும் இயந்திரப் படகுகள், சேற்றின் மேல்தட்டைச் சுரண்டி உறிஞ்சி எடுத்தன. பெரிய மட்டி போவதோடு நிற்கவில்லை. மேல்மண்ணின் தன்மை கெட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் குஞ்சு மட்டிகள் தங்குவதும் குறைந்தது. அதையே தின்று வாழும் ரெட் நாட்கள் பட்டினியில் மெலிந்தன, எண்ணிக்கையும் சரிந்தது.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. பாதுகாக்கப்பட்ட இடத்துக்குக் கேடு வராது என்று உறுதியாகத் தெரிந்த பின்னரே இப்படிப்பட்ட உரிமம் தர வேண்டும் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. 2005 முதல் அங்கே இயந்திர மட்டி எடுப்பு இல்லை. உரிமம் இழந்த நிறுவனங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. கையால் வாரி எடுப்பவர்கள் கட்டுப்பாடுகளோடு இன்றும் எடுக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பாதுகாப்புச் சட்டம் வரும்போது முதலில் தடை விழுவது பல இடங்களில் நடந்து போகிறவர் மேல்தான். அவரைத் தடுப்பது எளிது. அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சேதத்தின் அளவைப் பார்த்துத் தடை போட்டால் வரிசை தலைகீழாக இருக்கும்.

வலை வைத்தவர்களே காவலரானது

மக்களால் பறவைக்குக் கேடே இல்லை என்று சொன்னால் அது பொய். வேட்டை உண்மை. அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசக் கூடாது.

கரண்டிமூக்கு உள்ளான், ஏறத்தாழ சிட்டுக்குருவி அளவே இருக்கும். அலகின் நுனி கரண்டிபோல் விரிந்திருக்கும். உலகத்தில் வளர்ந்த பறவைகள் சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையிலுள்ள சுகோட்காவில் கூடு கட்டி, மஞ்சள் கடல் வழியே பறந்து, மியான்மர், வங்கதேசக் கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் மியான்மரின் மொட்டமா வளைகுடாவுக்குப் போனபோது இரண்டு செய்திகள் தெரியவந்தன. உலகிலேயே இந்தப் பறவை அதிகமாகத் தங்கும் இடம் அதுதான் என்பது ஒன்று. ஊரார் அங்கே வலை கட்டிக் கரைப்பறவைகளைப் பிடிக்கிறார்கள் என்பது இன்னொன்று.

யாரும் கரண்டிமூக்கு உள்ளானைத் தேடி வலை வைக்கவில்லை. கறிக்குத் தோதான பெரிய பறவைகளுக்காக வைத்த வலையில் இதுவும் சிக்கியது. வலை வைத்தவர்கள் அந்த ஊர்களிலேயே மிக ஏழைகள்: நிலமில்லை, படகில்லை, மீன் வரத்தும் குறைந்துவிட்டது. மொட்டமாவின் கரையோ ஓயாமல் அரித்து இடம் மாறிக்கொண்டே இருப்பது. வயலையும் வீட்டையும் கடல் எடுத்துக்கொண்ட ஊர்கள் பல.

அங்கே நடந்தது கைது நடவடிக்கை அல்ல. பாதுகாப்பு அமைப்பினர் வேட்டைக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். வலையை விட்டுவிட என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மீன்பிடி வலை, படகு, கால்நடை என்று அவரவர் கேட்டதற்கு ஏற்ப உதவி கிடைத்தது. பதிலுக்குப் பறவை பிடிப்பதில்லை என்று எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். வங்கதேசத்தின் சோனாதியா தீவிலும் இதே வழிதான். வேட்டையாடியவர்கள் 25 பேர் என்று கண்டறிந்து, ஒவ்வொருவரிடமும் பேசி, மீன்பிடிப்பு, தையல், சாகுபடி என்று மாற்றுத் தொழில் அமைத்துக் கொடுத்தார்கள். இரண்டு இடங்களிலும் வேட்டை பெருமளவு குறைந்தது. மொட்டமா 2017இல், ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தது. வேட்டையாடியவர்களில் சிலர் பிறகு பறவை எண்ணுவதிலும் காவலிலும் சேர்ந்தார்கள். எந்தத் திட்டில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இந்த வழியில் பலவீனமும் உண்டு. திட்டப் பணம் இரண்டு மூன்று ஆண்டுக்கு வரும், பிறகு நின்றுவிடும். கொடுத்த படகு பழுதாகும். மீன் இல்லாத கடலில் வலையைக் கொடுத்து என்ன பயன்? அதனால் மொட்டமாவில் பிறகு வந்த முயற்சிகள் மீன்வளம், விவசாயம், ஊர்க் கூட்டமைப்பு ஆகியவற்றிலும் கவனம் செலுத்தின. பறவையின் பாதுகாப்பு அங்கே மீன்வளத்தோடு பிணைந்தே நிற்கிறது.

லாட நண்டின் முட்டைகள்

அமெரிக்காவின் டெலவேர் வளைகுடாவில் சிக்கல் வேறு மாதிரியானது. ரெட் நாட்களில் ஒரு பிரிவு தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் வரை ஒரு வழியில் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் போகிறது. மே மாதம் டெலவேரில் இறங்கும் நேரத்தில், முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய உயர் ஓதங்களில் லாட நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும். கொழுப்பு நிறைந்த அந்த முட்டைகளைத் தின்று, இரண்டே வாரத்தில் பறவை தன் எடையை இரட்டிப்பாக்குகிறது.

1990களில் விலாங்குக்கும் சங்குக்கும் பொறி வைப்பவர்கள் இரைக்காக லாட நண்டுகளை லட்சக்கணக்கில் பிடித்தார்கள். 1980களில் தொண்ணூறாயிரத்தைத் தொட்ட ரெட் நாட் கணக்கு, 2000களின் நடுவில் பதினையாயிரம் அளவுக்கு இறங்கியது. லாட நண்டு வளர்ந்து முட்டையிட ஒன்பது பத்து ஆண்டாகும் என்பதால், பிடிப்பதைக் குறைத்ததும் பலன் தெரிந்துவிடவில்லை. நியூ ஜெர்சி மாநிலம் 2008இல் முழுத் தடை விதித்தது. 2014இல் இந்தப் பறவை கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

தடையைவிட எனக்குப் பிடித்தவை அதோடு சேர்ந்து வந்த சின்னச் சின்ன ஏற்பாடுகள். இரை நண்டை வலைப் பையில் போட்டுப் பொறிக்குள் வைத்தால் மற்ற உயிர்கள் அதைத் தின்றுவிடாது, ஒரே இரை பல நாள் தாங்கும். இதனால் பொறிக்காரரின் பிழைப்பு கெடாமலே நண்டின் தேவை வெகுவாகக் குறைந்தது. கரையோரக் குடியிருப்பாளர்கள் தங்கள் கடற்கரைகளை லாட நண்டுச் சரணாலயமாக அறிவிக்க ஒப்புக்கொண்டார்கள். அலையில் புரண்டு மல்லாந்து கிடக்கும் நண்டுகளைத் திருப்பிவிட இரவில் தன்னார்வலர்கள் நடக்கிறார்கள்.

உரிமை யாரிடம்?

மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவில் பாங்க் தார்கின் என்ற தேசியப் பூங்கா 1976இல் அமைந்தது. குளிர்காலத்தில் லட்சக்கணக்கான கரைப்பறவைகள் அங்கே தங்குகின்றன. அங்கே காலங்காலமாக மீன் பிடிக்கும் இம்ராகுவென் மக்களைப் பூங்கா வெளியேற்றவில்லை. மாறாக, பூங்காவின் கடலில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் என்றாயிற்று. அதுவும் பாய்மரப் படகில் மட்டும், மோட்டாருக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து வரும் பெரும் படகுகளிடமிருந்து அந்த மக்களுக்கு அது காவல், பறவைகளுக்கும் காவல். திருட்டு மீன்பிடிப்பும் சந்தையின் இழுப்பும் அங்கே இன்றும் நெருக்கடி தருகின்றன. ஆனாலும் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அந்த உரிமையே அடிப்படை. தன்னுடையது என்று சட்டம் ஒப்புக்கொண்ட சேற்றைத்தான் ஒருவர் காப்பாற்ற முன்வருவார்.

நல்லெண்ணத்தால் நேரும் கேடும் உண்டு. கடற்கரையில் அலையாத்தி மரம் நடுவது பார்க்க நன்றாக இருக்கும். முன்பு அலையாத்தி இருந்து வெட்டப்பட்ட இடத்தில் நட்டால் மிக நல்லது. வெறும் சேற்றுவெளி காலியாக இருக்கிறதே என்று அங்கே நட்டால், ஓதத்தில் கன்றுகள் பெரும்பாலும் செத்துப்போகும். பிழைத்தாலோ பறவைக்கு மேய்ச்சல் இடம் போகும், மட்டி பொறுக்குபவருக்கும் வேலை போகும். நடும் முன், இந்தச் சேற்றை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஊரில் கேட்டாலே இந்தத் தவறு நேராது.

பன்னாட்டு ஒப்பந்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம், 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடும் இடத்தையோ, ஓர் இனத்தின் தொகையில் 1 விழுக்காடு தங்கும் இடத்தையோ உலக முக்கியத்துவம் உள்ளதாகக் கருதுகிறது. அது மனிதப் பயன்பாட்டைத் தடுப்பதில்லை. ஈரநிலத்தின் இயல்பு கெடாமல் பயன்படுத்தச் சொல்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. ராம்சர் பெயர்ப்பலகை வந்தால் நம்மை விரட்டிவிடுவார்கள் என்று ஊரார் அஞ்சுவதற்கு, யாரும் வந்து விளக்காததே காரணம். வலசை உயிரினங்களுக்கென 1979இல் பான் நகரில் ஒரு தனி ஒப்பந்தம் உருவானது. அதன் 2024 சமர்கந்த் மாநாட்டில் மத்திய ஆசியப் பாதைக்கான கூட்டு முயற்சிக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஒப்பந்தம் காகிதத்திலிருந்து சேற்றுக்கு இறங்கும்போது அது பெரும்பாலும் எளிய பேச்சாகவே இருக்கும். இந்தத் திட்டில் வலசை மாதங்களில், உயர் ஓதம் நிற்கும் சில மணி நேரம் மட்டும் வண்டியும் நாயும் வேண்டாம். மணலில் கூடு கட்டும் உப்புக்கொத்திக்காக இரண்டு மாதம் கயிறு கட்டுவோம், குஞ்சு பொரித்ததும் அவிழ்த்துவிடுவோம். உப்பு எடுக்காத பாத்தியில் சில விரற்கடை தண்ணீர் விட்டு வையுங்கள். அறுவடை முடிந்த இறால் குட்டையை எல்லாம் ஒரே நாளில் நிரப்பாமல் மாற்றி மாற்றி நிரப்புங்கள். இப்படிச் சொல்வதற்கு முன் அந்த உப்பளத்தாரின், பண்ணைக்காரரின் வேலை நாட்காட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குச் செலவு வந்தால் அதை யார் தாங்குவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

புதிதாக இந்தப் பறவைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, கடல் ஏறுவதற்கு ஓரிரு மணி முன்பே போய்விடுவது நல்லது; நீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் நெருங்கி வரும். அவை தலையை உயர்த்திப் பார்க்க ஆரம்பித்தால் அதுவே எல்லை, அதற்கு மேல் நெருங்க வேண்டாம். எண்ணியதை நாள், இடத்தோடு ஈபேர்டு (eBird) போன்ற பொது இணையதளத்தில் பதிவிடுங்கள். 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். பக்கத்தில் வலை உதறிக்கொண்டோ மட்டி அலசிக்கொண்டோ யாராவது இருந்தால், பறவையைப் பற்றி அவரிடமும் கேளுங்கள். போன ஆண்டைவிட இந்த ஆண்டு கூடியதா குறைந்ததா, எந்த மாதம் எந்தத் திட்டில் இறங்கும் என்பதெல்லாம் அவரிடம் கிடைக்கும். சேற்றை நிரப்பும் திட்டம் ஏதாவது வரும்போது பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வைக்க, உங்கள் எண்ணிக்கையும் அவருடைய வாக்குமூலமும் சேர்ந்தே தேவைப்படும்.